அப்பா துப்பாக்கிக்கு வெல போட்டது

எங்கப்பா செத்து கருமாதி முடிஞ்ச அன்னிக்கு, போட்ட பந்தல கூட இன்னும் பிரிக்கல, என் தம்பி எங்கிட்ட வந்து கேட்ட மொத வார்த்த: "அக்கா, துப்பாக்கிக்கு எப்ப கையெழுத்து போடற?" நெலத்த கேக்கல, வூட்ட கேக்கல, அம்மா இனிமே யாருகிட்ட இருக்கும்னு கேக்கல. துப்பாக்கி.

"ஏன்டா, அதுக்குள்ள யார சுடணும்?"ன்னு கேட்டேன். சிரிச்சான். அவன் சிரிப்பு அப்படியே எங்கப்பா சிரிப்பு. வாய் சிரிக்கும், கண்ணு சிரிக்காது.

யாரு எவருன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா உங்களுக்கு கொழப்பம். நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில மோல்டு போடறவ. பொம்மையோ ஜாடியோ கரண்டுக்கு வெக்கிற பியூஸ் கட்டையோ, எது பண்ணணும்னாலும் முன்ன பிளாஸ்டர்ல ஒரு அச்சு வேணும். அந்த அச்சுதான் என் வேல. புருசன் போயி எட்டு வருசமாவுது, புள்ளைங்க ரெண்டும் வெளியூருல. அப்பா போனப்பறம் அம்மா எங்கூட இருக்குது. அப்பாவும் அம்மாவும், தம்பியும் தம்பி பொண்டாட்டியும் அவங்க புள்ளயும் பெண்ணாடம் ரோட்டுல கரும்பு கொல்லையிலயே வூடு கட்டி இருந்தாங்க. கரும்புல பன்னி பூந்து அழிக்குதுன்னு சொல்லி அப்பா லைசென்சு வாங்கி ஒரு துப்பாக்கி வச்சிருந்தாரு. ஒரு பன்னியயாவது அதால சுட்டாரான்னு எனக்கு தெரியாது. எங்கள அதாலதான் வளத்தாரு.

எலக்சன் வந்தா லைசென்சு துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைச்சிடணும். ஓட்டு எண்ணி முடிச்சி எல்லாம் அடங்கினப்பறந்தான் திருப்பி குடுப்பாங்க. அந்த நாளுங்கதான் எங்கம்மாவுக்கு தீவாளி. தலைக்கு எண்ண வச்சி குளிக்கும், பூ வாங்கி வச்சிக்கும், சத்தம் போட்டு பேசும். நானும் தம்பியும் சின்ன வயசுல சாமிகிட்ட வேண்டுனதெல்லாம் இது ஒண்ணுதான். எவன் ஜெயிச்சா எங்களுக்கென்ன, எவன் ஆட்சி கவுந்தா எங்களுக்கென்ன, எலக்சன் வந்தா சரி. அப்படி எங்கூட கண்ண மூடி வேண்டுன பையந்தான் இன்னிக்கு அந்த துப்பாக்கிய கேட்டு நின்னான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

லைசென்சு வச்சிருந்தவரு செத்துட்டா துப்பாக்கிய வூட்டுல வச்சிருக்கக்கூடாது. ஸ்டேசன்ல சொல்லி, கடலூருல லைசென்சு வச்ச ஒரு துப்பாக்கி கடையில ஒப்படைச்சிட்டாங்க. அங்கேருந்து அத தம்பி பேருக்கு எடுக்கணும்னா அம்மாவும் நானும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அம்மா கட்ட வெரல அவனே புடிச்சி மையில அழுத்தி நாட்டிட்டான். பாக்கி என் கையெழுத்து ஒண்ணுதான்.

நான் ஏன் போடலன்னா, அப்பா படுக்கையில கெடந்தப்ப ஒரு ஞாயித்துக்கெழம அவங்களுக்கு மீன் வாங்கிட்டு போனேன். தம்பி பொண்டாட்டி வாசல்ல உக்காந்து செதிலு சொரண்டிட்டு இருந்தா. இவன் உள்ளேருந்து துப்பாக்கியோட வந்தான். பின்னால இருக்கிற கைப்பிடிய இழுத்து, உள்ள ஒண்ணுமில்லன்னு எனக்கு காட்டுனான். காட்டிட்டு, குழல அவ பொடனியில வச்சி அமுக்கினான். டிக். "காலி துப்பாக்கிக்கா, சும்மா வெளையாட்டு"ன்னான். அவ திரும்பி கூட பாக்கல. கையில கத்தி நிக்கல, செதிலு சொரண்டிக்கிட்டே இருந்தா. பயந்து கூச்சலு போட்டிருந்தா கூட என் மனசு இவ்ளோ பதறியிருக்காது. பழகிப் போயிருந்துச்சு அவளுக்கு.

அதனால முடியாதுன்னுட்டேன். என்ன அவன் ஒண்ணும் பண்ணல. எம்மேல கை வெக்க அவனுக்கு துணிச்சலு கெடையாது, நானும் திருப்பி வெக்கிறவன்னு தெரியும். அங்க அவள அடிச்சான். எப்பல்லாம் நான் போனுல முடியாதுன்னு சொல்றேனோ, மறுநாளு அவகிட்டேருந்து எனக்கு போனு வரும். "அண்ணி, போட்டுடுங்க அண்ணி. என்னால முடியல." நான் இங்க திமிரா ஒரு வார்த்த பேசறேன், அங்க அது அவ முதுவுல விழுவுது. கையெழுத்து போட்டா ஒருநா டிக்குன்னு கேக்காம டமாருன்னு கேக்கும். போடலன்னா தெனமும் கட்ட வெளக்குமாத்தால அடி.

அப்பதான் அவன் போனுல எதையோ பாத்துட்டு வந்து சொன்னான், வெளிநாட்டு பழைய துப்பாக்கியெல்லாம் இப்ப லட்சக்கணக்குல போவுதாம். "அக்கா, நம்மளுதுக்கு வெல கேப்பம். அம்பதாயிரத்துக்கு மேல போச்சுன்னா நான் வித்துட்டு போறேன். போவலன்னா அப்பா ஞாவகமா வூட்டுலயே இருக்கட்டும். அப்ப நீ கையெழுத்து போடணும். பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்"னேன். அந்த நாசமா போன இரும்பு நல்ல வெலைக்கு போவணும்னு எங்கூரு சாமி கொளஞ்சியப்பருக்கு நேந்துகிட்டேன். வூட்ட விட்டு தொலையணும், அவ்ளோதான் எனக்கு வேண்டியது.

துப்பாக்கி கடக்காரருக்கு போன் பண்ணேன். கொரல கேட்டா நாப்பது வயசு இருக்கும், மரியாதையா பேசுனாரு. "அம்மா, உங்க லைசென்சு புத்தகத்துல இங்கிலாந்துன்னு எழுதியிருக்குது. எனக்கு அப்படி தெரியல. ஆனா முத்திர எதயும் படிக்க முடியல. யாரோ கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அதுக்கு மேல ஏதோ செவப்பா பூசி பூசி கல்லாட்டம் ஆயிருக்குது." எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. வருசா வருசம் ஆயுத பூசைக்கு அப்பா சந்தனம் கொழச்சி வச்சி, எண்ணையில கொழச்ச குங்குமத்த அதுக்கு மேல அப்புவாரு. எழுத்து எங்க இருக்குதோ கரெக்டா அங்கதான் பொட்டு. பெயிண்ட் அடிச்சதும் அவருதான், துரு புடிக்காம இருக்கட்டும்னு கொல்ல கேட்டுக்கு வாங்கின பெயிண்ட்ல மீந்தத அடிச்சாரு. "கத்தியில சொரண்டாதீங்க சாரு, நான் ஒண்ணு கொண்டாரேன்"னு சொல்லி, கம்பெனியில சலிச்ச நைசான களிமண்ணுல ஒரு உருண்டய ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டேன்.

மூணு பேரும் போனோம். நானு, தம்பி, அவன் பொண்டாட்டி. அவள எதுக்கு கூட்டியாந்தான்னா எனக்கு காட்டறதுக்கு. இடது கண்ணுக்கு கீழ நீலமா இருந்துது. நான் பாக்கறேனான்னு அவன் என்னயே பாத்தான். பாத்தேன். அவ கடையில ஒரு ஸ்டூலுல உக்காந்து முந்தானைய தலைக்கு இழுத்து வுட்டுக்கிட்டா.

கடக்காரரு தின்னர்ல துணிய நனைச்சி பெயிண்ட்ட எடுத்து வச்சிருந்தாரு. எண்ணெய ஊத்தி, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால குங்குமத்தயும் கரைச்சிருந்தாரு. அப்பறமும் இரும்பு திட்டு திட்டா நெறம் மாறி, எது எழுத்து எது துருன்னு கண்ணுக்கு புலப்படல. நான் தேங்கா எண்ணெய வெரல்ல தொட்டு லேசா தடவி, களிமண்ண தட்டையாக்கி அந்த எடத்துல வச்சி, கட்ட வெரலால அழுத்தி, ஓரத்த புடிச்சி மெதுவா உரிச்சேன். ஒரே நெறத்துல மண்ணு, அதுல எழுத்து எடுப்பா நின்னுச்சு. திருப்பிப் போட்டாப்ல இருக்கும், ஆனா மோல்டு போடறவளுக்கு அதெல்லாம் ஒரு விசயமே இல்ல, நாங்க எல்லாத்தயும் திருப்பித்தான் படிக்கிறோம். "ஒரு கிரீடம், அதுக்கு கீழ இங்கிலீசு என். பக்கத்துல இன்னொரு கிரீடம், கீழ ஜி"ன்னு படிச்சேன்.

"கிரீடம்! பாத்தீங்களா, ராணி கிரீடம். இங்கிலாந்துதான்"னு தம்பி குதிச்சான்.

கடக்காரரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்த மண்ண வெளிச்சத்துல காட்டி பாத்தாரு. அவரு மூஞ்சே மாறிப்போச்சு, புள்ளைங்களுக்கு மிட்டாய் கெடச்சாப்ல. "இல்லங்க. இது ஜெர்மன் முத்திர. கிரீடத்துக்கு கீழ என் இருந்தா, புகையில்லாத மருந்து போட்டு சுட்டு சோதிச்சாச்சுன்னு அர்த்தம். ஜி இருந்தா குழலுக்குள்ள வரி வெட்டுனதுன்னு அர்த்தம். ரெண்டாவது உலக சண்டைக்கு முன்னால செஞ்சது. அப்பறம் கிரீடத்த எடுத்துட்டு கழுகு போட ஆரம்பிச்சிட்டாங்க." அந்த சின்ன தோட்டா ஜாதியில, தோட்டாவோட பின் விளிம்புல அடிச்சா வெடிக்கிற ஜாதியில, ஜெர்மன் துப்பாக்கி நம்ம பக்கம் அவ்ளோவா கெடையாதாம். ஏறு, ஏறு, வெல ஏறுன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

"இது சாதாரண ஜெர்மன் கூட இல்ல. இங்க பாருங்க"ன்னு அவரு அந்த கைப்பிடிய புடிச்சாரு. கீழ மடக்கி அதுக்குன்னு இருக்கிற பள்ளத்துல உக்கார வச்சாரு. "இப்படி வச்சா ஒவ்வொரு தடவையும் கையால இழுத்தாத்தான் அடுத்த தோட்டா ஏறும்." அப்பறம் அத நிமித்தி வெளிய எடுத்தாரு. "இப்படி வச்சா கையே போட வேணாம். ஒண்ணு சுட்டதும் அதுவா அடுத்தத ஏத்திக்கும். ஒரே துப்பாக்கியில ரெண்டு வழி. இத தெரியாம கையில வச்சிருந்தா ரொம்ப ஆபத்து, ஒண்ணு சுட்டுட்டு காலி ஆயிடுச்சுன்னு நெனப்பாங்க, உள்ள ஒண்ணு ரெடியா நிக்கும்."

அவரு சொல்லி முடிக்கல, எனக்கு காது ரெண்டும் அடைச்சிக்கிச்சு.

எனக்கு பன்னெண்டு வயசு அப்ப. மத்தியான நேரம். அப்பா வெளிய ஒரு நாய சுட்டுட்டு துப்பாக்கியோட உள்ள வந்தாரு. அம்மா சோத்துப் பானைகிட்ட நின்னுது. வாயில்லாத சீவனயா சுடுவாங்கன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. "ஓகோ, உனக்கு பேச்சு வருதா? காலி துப்பாக்கிய கண்டாலே நடுங்குவியே"ன்னு சொல்லிக்கிட்டே அம்மா தலைக்கு நேரா நீட்டி அமுக்கினாரு. வெடிச்சிடுச்சு. தோடோட சேந்து அம்மாவோட வலது காது பாதி போயிடுச்சு. கழுத்துல ரத்தம் ஊத்துது, சோத்துப் பானையெல்லாம் ரத்தம், தம்பி அலறறான், நான் என் பாவாடைய கிழிச்சி அமுக்கி புடிச்சேன். அப்பா அப்படியே நின்னு, "காலின்னுதான் நெனச்சேன், காலின்னுதான் நெனச்சேன்"னாரு. ஊரும் நம்புச்சு. ஆஸ்பத்திரியிலயும் கை தவறுனதுன்னுதான் எழுதுனாங்க. எங்கம்மா மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரே பேச்சு: "தெரிஞ்சிதான்டி சுட்டாரு."

தம்பி கடக்காரர பாத்தான். அப்பறம் என்ன பாத்தான். மூஞ்சி மலந்துபோச்சு அவனுக்கு. "பாத்தியாக்கா? அப்பா மேல தப்பே இல்ல! தானா ஏறியிருக்குது. அவருக்கு எப்படி தெரியும்? இத்தன வருசமா அம்மா அவர கொலகாரன் மாதிரி பேசிச்சே."

வுட்டேன் ஒரு அற. கடக்காரரு கையில இருந்த கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. "காலின்னு நெனச்சாலும் பொண்டாட்டி தலைக்கு நேரா எவன்டா புடிப்பான்? கட்டையில போறவனே, எவன்டா புடிப்பான்?" தொண்ட கிழியற மாதிரி கத்துனேன். இன்னொண்ணு குடுக்க கை ஓங்கினேன், கடக்காரரு குறுக்க வந்துட்டாரு. தம்பி கன்னத்த புடிச்சிக்கிட்டு நின்னான். தம்பி பொண்டாட்டி ஸ்டூல வுட்டு எழுந்திரிக்கல. அவ எங்கள பாக்கல, மேசமேல கெடந்த துப்பாக்கியோட கைப்பிடியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அது நிமிந்தாப்ல இருந்துது.

கடக்காரரு எல்லாருக்கும் தண்ணி குடுத்தாரு. அப்பறம் வெலைக்கு வந்தாரு. "செஞ்ச மாதிரியே முழுசா இருந்தா சேத்து வெக்கிறவங்க ரெண்டு லட்சம் வரைக்கும் கூட தருவாங்க"ன்னாரு. தம்பி கன்னத்துலேருந்து கைய எடுத்தான். எனக்கு உசுரு வந்துது. "ஆனா"ன்னாரு.

யானைன்னா இருந்தாலும் ஆயிரம் பொன்னு, செத்தாலும் ஆயிரம் பொன்னு. துப்பாக்கி அப்படி இல்ல போலருக்குது. ஒரு கீறலுக்கு இவ்ளோ, ஒரு நெளிவுக்கு இவ்ளோன்னு கொறைஞ்சிக்கிட்டே போவுது.

"இந்த கட்டையில, பிடிக்கிற எடத்துல குறுக்கால வெரிசலு. ஒட்ட வச்சி பித்தள கம்பியால சுத்தியிருக்காங்க. மேலேருந்து விழுந்துதா?"

"விழுவல சாரு. எங்கம்மா தோள்ல அடிச்சாரு. கட்டையும் ஒடைஞ்சிது, தோள்பட்ட எலும்பும் ஒடைஞ்சிது. கட்டைய மறுநாளே ஆசாரிகிட்ட எடுத்துட்டு ஓடுனாரு. அம்மாவ நாலாம் நாளுதான் புத்தூருக்கு கட்டு போட கூட்டிட்டு போனாரு."

அவரு பேனாவ கையில வச்சிக்கிட்டே என்ன பாத்தாரு. அப்பறம் தலைய குனிஞ்சி எழுதிக்கிட்டாரு. "முன்னால குறி பாக்கிற முள்ளு வளைஞ்சிருக்குது."

"அது இதோ நிக்கிறானே, இவன் மேல வீசுனது. பத்து வயசு இவனுக்கு. நவுந்துட்டான், கெணத்து கல்லுல பட்டுது. நவுரலன்னா இன்னிக்கு இங்க நின்னு வெல கேக்க ஆளு இருந்திருக்காது."

தம்பி சொவுத்த பாத்து திரும்பிக்கிட்டான். அவன் முதுவு ஆடுச்சு. அழுவுறானான்னு நெனச்சேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னயும் அறியாம அவன் மேல எனக்கு பாசம் வந்துது. சத்தியமா சொல்றேன், கூடப்பொறந்த வயிறு. ஆனா அவன் திரும்புனப்ப கண்ணு காஞ்சிதான் இருந்துது. "கடைசியா எவ்ளோன்னு சொல்லுங்க சார்"ன்னான்.

கடக்காரரு இன்னும் பாத்தாரு. உப்புத்தாள போட்டு தேச்ச எடம், ஓட்ட போட்டு மாட்டுன வாரு வளையம், பெயிண்டால போன நீல நெறம். எல்லாத்துக்கும் நான் பதில் வச்சிருந்தேன். போவப்போவ அவரு கேக்கறத நிறுத்திட்டாரு. "பன்னெண்டாயிரம். அதுக்கு மேல நேர்மையா என்னால சொல்ல முடியாது. மன்னிச்சிடுங்கம்மா."

எங்கப்பாவ நெனச்சி பல்ல கடிச்சேன். எங்கள அடிச்சி அடிச்சி வெலையயும் கொறச்சிட்டு போயிருக்காரு பாவி மனுசன். தம்பி துப்பாக்கிய மேசயிலேருந்து எடுத்தான். கைப்பிடிய ரெண்டு தடவ மடக்கி நிமித்தி பாத்தான். புதுசா வெளையாட்டு சாமான் கெடச்ச மாதிரி. அப்பறம் திருப்பி மேசயிலயே வச்சான். "அப்ப வூட்டுக்கே வரட்டும். அக்கா, திங்கக்கெழம கையெழுத்து போட்டுடு. பேச்சு மாற மாட்டேன்னு சொல்லியிருக்க"ன்னான். பொண்டாட்டிய பாத்து, "எந்திரி"ன்னான்.

மறுநாளு வேலைக்கு லீவு சொல்லிட்டு கழுத்து சங்கிலியயும் காது தோடயும் கழட்டுனேன். புருசன் இருந்தப்ப போட்டது, எல்லாம் சேந்து ரெண்டு பவுனு. கடைவீதியில போட்டு பணமா மாத்தி எடுத்துக்கிட்டு கடலூரு பஸ்ஸு ஏறுனேன். கடக்காரரு என்ன பாத்ததும் எழுந்து நின்னாரு. "சாரு, நீங்க பன்னெண்டாயிரம் போடுங்க. மேக்கொண்டு நான் போடறேன். ஒரு லட்சத்துக்கு எவனோ கேக்கறான்னு எந்தம்பிக்கு போன் பண்ணுங்க." இதெல்லாம் என் தொழிலுக்கு ஆவாதும்மான்னாரு. நான் ஒண்ணுதான் கேட்டேன்: "அந்த பொண்ணு கண்ணுக்கு கீழ இருந்துதே, பாத்தீங்கல்ல?" அவரு போன கையில எடுத்தாரு.

லட்சம்னு கேட்டதும் தம்பி அடுத்த பஸ்ஸுலயே ஓடியாந்தான். மடமடன்னு எல்லா பேப்பர்லயும் கையெழுத்து போட்டான், நானும் போட்டேன், துப்பாக்கி கட கணக்குக்கு போயிடுச்சு. வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட நல்ல காதுல சொன்னேன், "தொலைஞ்சிதும்மா சனியன்"னு. அம்மா கொஞ்சம் சாஞ்சி படுத்துக்கிச்சு. எனக்கு அன்னிக்கு இருந்த பெரும! ஒரு உசுர காப்பாத்திட்டேன்னு நானே என் முதுவ தட்டிக்கிட்டேன். வேலையில பாட்டு கூட பாடுனேன், கூட இருந்தவங்க, என்ன அக்கா, மறு கல்யாணமான்னு கிண்டல் பண்ணாங்க.

ஒரு மாசம் இருக்கும். தண்ணியில பிளாஸ்டர் பவுடர போட்டு கலக்கிட்டு இருக்கேன், கம்பெனி கேட்டுல தம்பி பொண்டாட்டி வந்து நின்னா. உதடு கிழிஞ்சி வீங்கியிருந்துது. வலது கைய இடது கையால தாங்கி புடிச்சிருந்தா. நான் கலக்குனத அப்படியே போட்டுட்டு ஓடுனேன். பிளாஸ்டரு இறுகிப்போச்சு, போவட்டும்.

"என்னம்மா ஆச்சு? துப்பாக்கிதான் போயிடுச்சேம்மா?"

"போயிடுச்சு அண்ணி. அது இருந்தப்ப வச்சி மெரட்டிட்டு, டிக்குன்னு அமுக்கிட்டு, சிரிச்சிட்டு போயிடுவாரு. பாதி நாளு அதோட முடிஞ்சிடும். இப்ப அது இல்லல்ல. கையாலயே பண்றாரு." சாதாரணமா சொன்னா, பஸ்ஸு லேட்டுன்னு சொல்ற மாதிரி. அந்த பணத்துல பழைய காரு ஒண்ணு வாங்கியிருக்கானாம். அதுல எவள ஏத்திக்கிட்டு போறான்னு கேட்டதுக்குத்தான் இந்த உதடு.

கொழாயில தண்ணி புடிச்சி குடுத்தேன், மூஞ்சி கழுவுனா. கழுவிட்டு நிமிந்து என் கழுத்தயே பாத்தா.

"சங்கிலி எங்க அண்ணி?"

நான் முந்தானைய இழுத்து கழுத்த மூடுனேன்.

"லட்சத்துக்கு போவுதுன்னு அவரு வந்து சொன்னப்பவே நெனச்சேன். கடக்காரரு பன்னெண்டாயிரம்னு சொன்னத நானுந்தான கேட்டேன்." கோவம் இல்ல அவ குரல்ல, கோவப்பட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன். "அவ்ளோ பணத்த அவரு கையில குடுத்தீங்களே அண்ணி. எங்கையில குடுத்திருந்தீங்கன்னா அன்னிக்கே புள்ளய தூக்கிட்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு போயிருப்பேனே. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேக்கல. போனுல அவ அழுதப்ப கேக்கல, கடையில ஸ்டூலுல உக்காந்திருந்தப்ப கேக்கல. அந்த துப்பாக்கியில இருக்கிற ஒவ்வொரு எழுத்தயும் மண்ணுல ஒத்தி எடுத்து படிச்சேன், என்ன வேணும் உனக்குன்னு அவள நான் கேக்கல. இப்ப கேட்டு என்னத்துக்கு, என் கழுத்துலயும் காதுலயும் ஒண்ணுமில்ல. "இரும்மா, எங்கூட வூட்டுக்கு வா, பாத்துக்கலாம்"னு கைய புடிச்சேன். வலிக்கிற கை அது, உதறிக்கிட்டா.

"புள்ளைக்கு ஸ்கூலு வுடற நேரம். போயிட்டு வரேன் அண்ணி"ன்னு சொல்லிட்டு பெண்ணாடம் பஸ்ஸு புடிக்க நடந்தா.